சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?

மகளின் பிரசவத்துக்காக நான் சிங்கப்பூர் கிளம்பியபோது, டிக்கெட்டைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "ராத்திரி 11 மணிக்கு ஏறினா விடியகாலை 5.45க்குத்தான் இறங்கணுமா? அடேயப்பா!" என்று மலைத்தார்.

சென்னையிலிருந்து வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். பயணம் நாலேகால் மணி நேரம்தான். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது.

கைக்குழந்தையோடு போகும் தாய்மார்களே, பால் கொடுக்கும் வேளையை நம்மூர் மணியை வைத்தே கணக்கிடுங்கள். விமானம் இறங்கத் தொடங்கும்போது காது அடைத்துக் குழந்தை வீறிடும். அப்போது பால் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விலகும். இன்சுலின் போடும் பெரியவர்கள், புறப்படுமுன் டாக்டரிடம் வேளை கேட்டுக்கொள்வது அவசியம்.

திரும்பி வரும்போது அந்த இரண்டரை மணியும் நமக்கே திரும்பக் கிடைத்துவிடும்!