கிளியோ எந்த மொழியில் பேசுகிறாள்?

அல்ஃபோன்சோ குவாரோனின் ‘ரோமா’ 2018இல் வெளிவந்தபோது எல்லோரும் ஒரு முகத்தைப் பற்றியே பேசினார்கள். மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தைச் சேர்ந்த யலிட்ஸா அபாரிசியோ அதற்கு முன் நடித்ததில்லை; ஆசிரியர் பயிற்சி பெற்றவர். மெக்சிகோவின் பழங்குடிப் பெண் ஒருவர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது அதுவே முதல்முறை.

1970-71இல், மெக்சிகோ நகரின் ரோமா பகுதியில் ஒரு மருத்துவரின் வீடு. அங்கே தரை கழுவி, துணி துவைத்து, நான்கு பிள்ளைகளைத் தூங்கவைத்து எழுப்பும் கிளியோவின் கதை இது. தன்னை வளர்த்த லிபோ என்ற பெண்ணை மனதில் வைத்து எடுத்த படத்தை குவாரோன் அவருக்கே காணிக்கையாக்கியிருக்கிறார்.

‘நியூயார்க்கர்’ விமர்சகர் ரிச்சர்ட் ப்ரோடி இதில் ஒரு குறை கண்டார்: கிளியோ பேசுவதே குறைவு, அவள் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் படம் சொல்லவில்லை. இதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. கிளியோ வாய் ஓயாமல் பேசுகிறாள், சமையல்காரி அடேலாவுடன், மிக்ஸ்டெக் மொழியில். இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருவரும் உடற்பயிற்சி செய்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எஜமானியின் முன்னால், ஸ்பானிஷில்தான் அவளுக்குச் சொற்கள் சுருங்கிவிடுகின்றன.

முதுகலை படிக்க ஜெர்மனிக்கு வந்து இங்கேயே கணினித் துறை ஆலோசகனாகத் தங்கிவிட்ட எனக்கு இது புதிதல்ல. கூட்டங்களில் பெயர்ச்சொல்லின் பாலைச் சரிபார்த்து வாக்கியத்தை முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். மதிப்பீட்டில் என்னை ‘அமைதியானவர்’ என்று எழுதுவார்கள். மதுரையில் இருக்கும் அக்காவிடம் சொன்னால், “யாரு, நீயா?” என்று சிரிக்கிறாள். கிளியோவின் நிலையும் என்னுடையதும் ஒன்றல்ல. எனக்குச் சம்பளமும் விடுமுறையும் வேறு வேலை தேடும் வசதியும் உண்டு. ஆனால் ஒரு மொழியில் மௌனமாக இருப்பவரை மௌனமானவர் என்றே முடிவுகட்டுவது எவ்வளவு எளிது என்பது தெரியும்.

இன்னொரு தகவலும் மனதை விட்டு அகலவில்லை. அபாரிசியோ மிக்ஸ்டெக் பேசி வளர்ந்தவர் அல்ல. அடேலாவாக நடித்த தோழி நான்சி கார்சியாவிடம்தான் அந்த வசனங்களைக் கற்றுக்கொண்டார். முகம் தலைமுறை தாண்டி வந்துவிட்டது, மொழி வரவில்லை. என் மகளின் வகுப்புப் படத்தில் அவள் முகம் தனியாகத் தெரிகிறது. பாட்டியுடன் பேச நான் இடையில் உட்கார வேண்டியிருக்கிறது. திரையில் நம் முகங்களை எண்ணிப் பார்த்து மகிழும்போதெல்லாம் இந்தக் கணக்கும் கூடவே வருகிறது.

ப்ரோடி சொன்னதில் உண்மையும் இருக்கிறது. ஊரில் கிளியோவின் அம்மாவுடைய நிலம் பறிபோனதாக ஒரு செய்தி வருகிறது. படம் அந்த ஊருக்குப் போவதில்லை. அந்த வீட்டுப் பையனின் கண்ணுக்கு எட்டியதே படத்துக்கும் எட்டுகிறது.

குவாரோனுக்கு இது தெரியும் என்றே நினைக்கிறேன். நீச்சல் தெரியாத கிளியோ கடலில் இறங்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். இறந்து பிறந்த தன் குழந்தை பிறக்கவே வேண்டாம் என்று நினைத்ததை அந்த மணலில்தான் வாய்விட்டுச் சொல்லி அழுகிறாள். வீடு திரும்பியதும் வேலை தொடங்கிவிடுகிறது. அடேலாவிடம் மட்டும், சொல்ல நிறைய இருக்கிறது என்கிறாள். பிறகு துணிமூட்டையோடு மாடிப்படி ஏறுகிறாள். அவள் என்ன சொன்னாள் என்பது நமக்குக் கேட்பதில்லை. அடேலாவுக்குக் கேட்டிருக்கும்.