தாத்தா முகம் உரிந்த கதை!

ஜப்பானில் ஹமாமட்ஸு என்ற ஊரில் அக்கா வீடு. மே மாதம் போயிருந்தேன். நான் ஊர் திரும்ப நாலே நாள் பாக்கி இருக்கும்போது, சனிக்கிழமை ராத்திரி அக்கா பையன் அழுதுகொண்டே வந்தான்.

''மாமா... தாத்தா மூஞ்சி உரிஞ்சு வந்துடுச்சு!''

பதறாதீர்கள். விஷயம் இதுதான். என் அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தவர். அக்கா காதல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. பேரனை போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அதுவும் நான் திணித்ததால்! அந்தப் பேரன் தன் தாத்தாவுக்காக ஒரு டி51 நீராவி எஞ்சின் மாடல் செய்திருந்தான். ஜப்பானில் 1936-லிருந்து 1945 வரை ஆயிரத்துக்கு மேல் தயாரான ரகம். அந்த ஊர் ரயில் பாதை 1,067 மில்லிமீட்டர். நம்ம பழைய மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் அதிகம். கிட்டத்தட்ட சொந்தக்காரன்!

எஞ்சின் பிளாஸ்டிக். அதில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் பொம்மை மட்டும் ரெஸின். போட்டோவைப் பார்த்துப் பார்த்துத் தாத்தாவின் மீசை வரை வரைந்திருந்தான். தொப்பிக்குக் கறுப்பு அடிக்க, முகத்தில் டேப் ஒட்டி மறைத்து, டேப்பை எடுத்தால்... முகமும் சேர்ந்து வந்துவிட்டது.

''ஷிசுவோகா போலாம் மாமா. அங்க கேட்டா சொல்லுவாங்க'' என்றான்.

சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஜன்னல் பூராவும் தேயிலைத் தோட்டம். நமக்குச் சிவகாசி என்றால் பட்டாசு. ஜப்பான்காரனுக்கு ஷிசுவோகா என்றால் பொம்மை மாடல். கோயில் கட்ட வந்த தச்சர்கள் இங்கேயே தங்கிவிட்டதால் மரவேலை தழைத்த ஊர் என்கிறார்கள். உலகமெல்லாம் பெயர் வாங்கிய டாமியா கம்பெனியே 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கியதுதான். 1960-ல்தான் முதல் பிளாஸ்டிக் மாடல். ஊருக்குள் ஒரு தபால் பெட்டியையே, மாடல் பெட்டிக்குள் சட்டத்தோடு வருமே, அந்த மாதிரி நிற்க வைத்திருக்கிறார்கள். நிஜத் தபால் பெட்டி சார், கடிதம் போடலாம்!

வருஷா வருஷம் மே மாதம் அங்கே மாடல் கண்காட்சி நடக்கும். பெரிய பெரிய ஹால். அதில் மாடல் செய்கிற கிளப்காரர்கள் மேஜை மேஜையாகத் தங்கள் கைவேலையைப் பரப்பியிருந்தார்கள். ஒரு மேஜையில் எழுபது வயதுப் பெரியவர். பையன் நீட்டிய மொட்டை முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

பையன் அசடு வழிந்தான். ''கழுவினியான்னு கேக்கறாரு மாமா...''

விஷயம் புரிந்தது. ரெஸினை அச்சில் ஊற்றி வார்க்கிறார்கள். ஒட்டாமல் கழன்று வர எண்ணெய்ப் பசை மாதிரி ஒன்றைத் தடவுகிறார்கள். அச்சிலிருந்து கழற்ற உதவிய அதே பசை, பெயின்டையும் கழற்றி விடுகிறது! எண்ணெய் தேய்த்த நெற்றியில் பொட்டு நிற்குமா?

பெரியவர் சொன்ன வைத்தியம்: பழைய பெயின்டை முழுக்க எடு. பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், ரெஸின் வளைந்துவிடும். நன்றாகக் காய விடு. அப்புறம் வெறும் விரலால் தொடாதே, கை எண்ணெயும் எண்ணெய்தான். நைஸான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய். காய்ந்த தூள் மூக்கில் போகக் கூடாது. பிறகு ரெஸினுக்கென்றே உள்ள பிரைமர், மெல்லிசாக இரண்டு கோட். ஒரு நாள் பொறு. அதற்கப்புறம்தான் கலர்.

''உரிஞ்ச இடத்துல மட்டும் டச்-அப் பண்ணினா போதாதா?'' என்றேன். பி.காம். படித்தவன் இல்லையா, செலவைக் குறைக்கும் புத்தி!

பையன் மொழிபெயர்த்தான். பெரியவர் சிரித்தார்.

''மேல பூசினா அடில இருக்கற பசை போயிடுமான்னு கேக்கறாரு.''

சுருக்கென்றது. பத்து வருஷமாக அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் நான் செய்துகொண்டிருந்தது டச்-அப் வேலைதானே? 'அக்கா விசாரிச்சா', 'அப்பா விசாரிச்சார்' என்று இரண்டு பக்கமும் பொய் பெயின்ட்.

அன்று ராத்திரி கழுவினோம். திங்கள் பிரைமர். செவ்வாய் முகம், மீசை. புதன்கிழமை பையன் கண்ணை மூடிக்கொண்டு டேப்பை இழுத்தான். முகம் நின்றது! அக்காதான் அழுதாள்.

எஞ்சினை மடியில் வைத்தே கொண்டுவந்து, அப்பா முன்னால் வைத்தேன். இந்த முறை பொய் சொல்லவில்லை. ''அக்கா உங்கள விசாரிக்கல. இன்னும் கோபமாத்தான் இருக்கா. இது உங்க பேரன் செஞ்சது'' என்றேன்.

பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

''ஷவல் பிடிக்கிற கை தப்பு. இப்படிப் பிடிச்சா ஒரு கூடை கரி அள்ள முடியாது.''

எனக்கு மனசு விட்டுப்போனது. அவரே தொடர்ந்தார்.

''லீவு எப்போ அவனுக்கு? அம்மாவோட வரச் சொல்லு. பிடிச்சுக் காட்டறேன்.''