வடக்கு ஆண்டார் வீதியிலிருந்து மேலே

சித்திரையில் கொல்லைக் கதவைத் திறக்கவே முடியாது. பகலெல்லாம் குடித்த வெயிலை மலைப்பாறை ராத்திரியில்தான் கக்கும். திருச்சி வடக்கு ஆண்டார் வீதியில், மலைக்கோட்டைக்கு முதுகைக் கொடுத்து நின்ற வீடு எங்களுடையது. “இந்த மலை நம்மளத் தூங்க விடாதுடி” என்று விசிறிக்கொண்டே பாட்டி புலம்புவாள். இங்கே டொரொண்டோவில் சுவரிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் அறை நான் கேட்ட சூட்டுக்கு வந்துவிடுகிறது. தூக்கமும் வருகிறது. அந்தப் புழுக்கமும் விசிறிச் சத்தமும்தான் வருவதில்லை.

நீங்களும் அந்தப் பக்கத்துக்காரர் என்றால் வழி சொல்ல வேண்டியதில்லை. ஆண்டார் வீதியிலிருந்து சின்னக்கடை வீதிக்குத் திரும்பி, பாத்திரக் கடைகளையும் வளையல் கடைகளையும் தாண்டி, என்.எஸ்.பி. ரோட்டில் மாணிக்க விநாயகர் வாசல். தாயுமானவர் தேர் ஓடுகிற வீதிகள்தான் நாங்கள் தினமும் நடந்த வீதிகள். சாயங்காலம் தெப்பக்குளத்துப் பக்கமிருந்து லூர்து மாதா கோயில் மணி கேட்கும். படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் குரல் அதற்கு மேலே கேட்கும். “செவந்தி, செவந்தி” என்று இரண்டாவது தடவை ராகத்தை இழுப்பாள். எத்தனையோ பேருடைய முகம் மங்கிவிட்டது. அந்த இழுப்பு மங்கவில்லை.

செருப்பை விட்டுவிட்டு ஏறினால் கல் குளிர்ந்திருக்கும். காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள், உச்சிவரை 400-க்கும் மேல். பாறைக்குள்ளே போகிற வழியாதலால் நம் மூச்சே நமக்குத் திரும்பக் கேட்கும். பாதி மலையில் தாயுமானவர் சந்நிதி. பிரசவம் பார்க்க அம்மாவாகவே வந்த சாமி. பிள்ளை பிறந்ததும் வாழைத்தார் கொண்டுபோய் வைப்பார்கள். நான் பிறந்தபோது அம்மாவும் வைத்தாளாம். தார் தாராகப் பழுத்த அந்த மண்டபத்து வாசனையை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை, இங்கே வருடம் முழுக்க வாழைப்பழம் கிடைத்தும்.

உச்சிக்குப் போகிற வழியில் ஒரு பல்லவக் குகை உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்தது. சின்ன வயதில் இளைப்பாற உட்கார்ந்ததோடு சரி. அங்குள்ள கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதை ஊரைவிட்டு வந்த பிறகுதான் படித்தேன். தரையில் இருக்கும் கோயிலில் நின்றுகொண்டு சோழர்களின் பெருமையையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டாராம். அதற்காகவே ராஜா இந்த மலைமேல் இடம் கொடுத்தானாம். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காவிரியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறது. அதன் மேல் முதுகைச் சாய்த்து நாங்கள் கடலை தின்றிருக்கிறோம்.

பிறகு திறந்த வெளி. காற்று. பாவாடையைப் பிடித்துக்கொள்ளாமல் ஏற முடியாத காற்று. உச்சிப்பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்ட கையோடு வடக்குப் பக்கம் ஓடுவோம். எதிரே காவிரி, அதற்கப்பால் தென்னந்தோப்பு, தோப்புக்கு நடுவே ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். அப்போது அது இன்னும் முடியவில்லை. சாரம் கட்டியிருக்கும், ஒவ்வொரு லீவுக்கும் ஒரு நிலை கூடினாற்போல் இருக்கும். 1987-இல் பதின்மூன்று நிலையும் எழுந்து கும்பாபிஷேகம் ஆனபோது, நாங்களே பார்த்துப் பார்த்து வளர்த்ததாக ஒரு பெருமை.

ஆனால் முதலில் தேடுவது கோபுரத்தை அல்ல. குனிந்து கீழே, நேர் கீழே, எங்கள் மொட்டைமாடியை. எல்லா மாடியும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், நாங்கள் மலைக்குக் கிளம்பினால் பாட்டி தன் அரக்குப் புடவையை நனைத்துக் கொடியில் போட்டுவிடுவாள். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் ஊர், ஆறு, கோபுரம் எல்லாம். அவள் மேலே நிமிர்ந்து பார்ப்பது தெரியாது. பார்க்கிறாள் என்று மட்டும் தெரியும்.

இங்கே சி.என். டவர் இருக்கிறது. 553 மீட்டர், நம் மலை 83 மீட்டர்தான். லிஃப்டில் ஏறினால் ஒரு நிமிடத்துக்குள் பார்வை மாடம். கால் வலிக்காது, மூச்சு வாங்காது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப் போகிறேன். ஏரி விரிந்து கிடக்கிறது, தீவுகள் தெரிகின்றன, விளக்குகள் அழகாகத்தான் இருக்கின்றன. இவ்வளவு பெரிய ஊரில் குனிந்து தேட எனக்கு ஒரு மாடி இல்லை.

பாட்டி போனாள். பாகம் பிரித்து வீட்டை விற்றார்கள். வாங்கியவர் இடித்துவிட்டு நாலு மாடி கட்டியிருக்கிறார். அவர் இடம், அவர் கட்டிக்கொள்கிறார்.

போன பிள்ளையார் சதுர்த்திக்கு அண்ணன் மகன் உச்சியிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டான். பேச்சு பாதி கேட்கவில்லை, காற்றுதான் கேட்டது. நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரையும் போல அவனும் ஸ்ரீரங்கத்தைக் காட்டினான், பாலத்தைக் காட்டினான்.

“கீழ காட்டுடா, நம்ம ஆண்டார் வீதிப் பக்கம்.”

“அங்க என்ன அத்தே இருக்கு? வெறும் வாட்டர் டேங்கா இருக்கு.”

“இருக்கட்டும். கொஞ்ச நேரம் அப்படியே வச்சிரு.”