அரிசியும் சருகும்

சென்னை இராயப்பேட்டையில் பாரதி சாலை என வழங்கும் தெருவுக்குப் பைகிராப்ட்ஸ் சாலை என்பது பழைய பெயர். அத்தெருவின் மொட்டைமாடி ஒன்றில், கேமரா பழுதுநீக்கும் தொழிலுடைய ஒருவர் அணிலுக்கும் காகத்துக்கும் உணவு வைத்துவந்தார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அவ்வுணவை நாடிச் சில பச்சைக்கிளிகள் வந்தன. நாளடைவில் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. மாடியெங்கும் பலகைகளை அடுக்கி, ஊறவைத்த அரிசியை வரிசையாகப் பரப்பி, காலையும் மாலையும் அவர் கிளிகளுக்கு விருந்து படைத்தார். தம் வருவாயில் கணிசமான பங்கை அதற்கே செலவிட்டார். அவருக்குக் 'கேமரா சேகர்' என்னும் பெயரோடு 'பறவை மனிதர்' என்னும் பெயரும் சேர்ந்துகொண்டது.

அங்கு வந்தவை செந்தார்ப் பைங்கிளிகள். கழுத்தில் ஆரம் பூண்டது ஆண், பெண்ணுக்கு ஆரமில்லை. கூண்டில் அடைத்துச் சீட்டெடுக்கப் பழக்கப்பட்டதும் இதே கிளிதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கூண்டில் வளர்ப்பதைத் தடைசெய்கிறது. கூண்டில்லாமலே கிளியை அருகில் காணலாம் என்பதற்கு அந்த மாடி சான்றாயிற்று.

எனினும் அரிசி எல்லாப் பறவைக்கும் உணவாகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியையொட்டி, இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியக் காடுகளிலிருந்தும் ஆறுமணிக்குருவி தெற்கே வருகிறது. பச்சை முதுகும் நீலத் தோள்பட்டையும் செவ்வடிவயிறும் கொண்ட சிறு பறவை அது. இரவில் பறந்து களைத்து, விடியலில் மயிலாப்பூரின் புழைக்கடையிலோ தியாகராய நகரின் மாடிப்படியிலோ சோர்ந்து விழுந்துகிடப்பதுண்டு. காகங்கள் கண்டால் சூழ்ந்து கொத்தும். நாள்தோறும் சோறு வைத்து அக்காகங்களை அங்கே பழக்கியதும் அவ்வீட்டாரின் அன்பே என்பது சங்கடமான உண்மை.

அக்குருவி அரிசியைச் சீண்டாது. ஈரச் சருகைப் புரட்டிப் புழுவையும் பூச்சியையும் தேடியுண்ணும். அடையாற்றுப் பிரம்மஞான சபை வளாகத்தில் மரநிழலின் கீழ்ச் சருகு மக்கிக் கிடப்பதால் அங்கே அதற்கு இடமுண்டு. நகரத்து வீடுகளிலோ தோட்டத்தை நாள்தோறும் கூட்டிப் பெருக்கிச் சருகைக் கொளுத்துகிறார்கள். எஞ்சிய மண்ணையும் சிமெண்டால் மூடுகிறார்கள். தூய்மை என்று அதற்குப் பெயர்! 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் நகரின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. மரப்பொந்துகளில் முட்டையிடும் கிளிகளுக்கும் அது பேரிழப்பு. பலகை நிறைய அரிசி வைத்தாலும் பொந்துக்கு ஈடாகுமா?

மா மரத்தடியில் ஒரு முழ அகலத்திற்குச் சருகை அள்ளாமல் விட்டு, அருகே ஆழமற்ற மண்சட்டியில் நீர் வைத்துக் காத்திருப்போர் இந்நகரில் சிலர் உண்டு. அவர்களுக்கு ஆயிரம் கிளிகள் வாய்ப்பதில்லை. ஒரு மாரிக்காலத்தில் ஒரு குருவி வந்தாலே பெரிது. மாலையில் விளக்கேற்றும் நேரத்தில், இருள் கவியும் தோட்டத்துள் இரட்டைச் சீழ்க்கை ஒன்று எழுகிறது. வீட்டினுள் பேச்சு நின்றுவிடுகிறது.