மொங்கலே வீதியும் அக்கா வீட்டுக் கணனியும்

பரிசில் எங்கள் சனத்துக்கு லாச்சப்பல் எப்படியோ, கணனியைத் திறந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மொங்கலே வீதி அப்படி. பன்னிரண்டாம் வட்டாரத்தில் இருக்கிற சின்ன வீதி. ஈபிள் கோபுரம் பார்க்க வருகிறவர் எவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் 1990களிலிருந்து கனகாலமாக, கணனிப் பாகம் மலிவாக வேண்டுமென்றால் பரிஸ்காரர் முதலில் சொன்ன பெயர் அதுதான்.

போவது சுகம். லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெற்றோ ஏறினால் ஸ்ராலின்கிராட், ஜோறேஸ் வரை பாலத்துக்கு மேலால் ஓடும். வீடுகளின் இரண்டாம் மாடி யன்னல்களைப் பார்த்துக்கொண்டு போகலாம். பிறகு மண்ணுக்குள் இறங்கி, பெல்வில், பெர்லாஷேஸ் எல்லாம் கடந்து நாசியோனில் முடியும். அங்கே முதலாம் இலக்கத்துக்கு மாறி ஒரேயொரு தரிப்பு, ருயி-திதெரோ. அதற்குப் பிறகு நடை. நடக்க விருப்பமில்லாதவர்கள் எட்டாம் இலக்கத்தில் ஏறினால் அடுத்த தரிப்பே மொங்கலேதான்.

அந்த வீதியின் நல்ல காலத்தை நான் பார்க்கவில்லை. நான் பிரான்சுக்கு வந்தது 2013இல். முன்னர் வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். சனிக்கிழமைகளில் நடைபாதையில் கால் வைக்க இடம் இராதாம். அநேகமான கடைகள் சீன வம்சாவழியினருடையவை. ஒவ்வொரு கடை வாசலிலும் அன்றைய விலைப்பட்டியலைத் தாளில் அச்சடித்து வைத்திருப்பார்கள். வாங்க வருகிறவர் கடை கடையாகத் தாள்களைச் சேர்த்து, வீதி முடிவில் நின்று கணக்குப் பார்த்து, திரும்பி வந்து ஒரு கடையில் தாய்ப்பலகையும் இன்னொரு கடையில் நினைவகமும் வாங்குவாராம். எங்கள் ஊர்ச் சந்தையில் வெங்காயத்துக்குச் செய்கிற வேலைதான். இணையத்தில் வாங்குகிற பழக்கம் வந்ததோடும், மடிக்கணனியும் கைத்தொலைபேசியும் பெருகியதோடும் கூட்டம் கலைந்துவிட்டது. கனக்கக் கடைகள் பூட்டுப்பட்டு, சில தொலைபேசி திருத்தும் இடங்களாகிவிட்டன. ஆனாலும் வீதி செத்துவிடவில்லை.

2025 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நான் அங்கே போனது அக்காவின் மகளோடு. பிள்ளை அந்த மாதம்தான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் தொடங்கியிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரு மேசைக் கணனி. அத்தான் துப்புரவு வேலை செய்த அலுவலகம் ஒன்றில் 2019இல் கழித்துவிட்ட பெட்டி, கேட்டு வாங்கிக் கொண்டுவந்தது. கோர் ஐ5 நாலாம் தலைமுறை, 4 ஜி.பி. நினைவகம், 500 ஜி.பி. வன்தட்டு. வின்டோஸ் 10 எழும்பி வேலைக்குத் தயாராக ஆறு நிமிடம். அதற்குள் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம். போதாக்குறைக்கு அந்த வின்டோஸுக்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிகிறது என்று திரையில் அறிவித்தல் வேறு.

பெரிய கடை ஒன்றுக்கு அக்கா போய்க் கேட்டிருக்கிறா. விற்பனையாளர் பழைய பெட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் 749 யூரோ மடிக்கணனியைக் காட்டி, பத்துத் தவணையில் கட்டலாம் என்றாராம். அக்கா சீட்டைக் கழித்து எடுக்க யோசித்துவிட்டா. அந்தச் சீட்டு ஊரில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கென்று கட்டிவந்தது. கழித்து எடுத்தால் எவ்வளவு நட்டம் என்பது சீட்டுப் போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மாமா, என்னட்டை எண்பது யூரோ இருக்கு. பிள்ளை பார்த்துச் சேர்த்த காசு. அம்மாட்டைக் கேக்கமாட்டன். எண்பதுக்குள்ளை ஏதாவது செய்யேலுமோ?"

நான் படித்தவன் இல்லை. ஓ.எல். வரை போனவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்சாலையில் தெரிந்தவைதான். நான் வேலை செய்கிற இடத்தில் வெட்டிக் கழுவிய சலாட் இலைகளைப் பையில் அடைக்கிறோம். வரிசையில் ஆறு இயந்திரம். ஒரு நாளைக்கு வேலை பிந்தினால் ஆறையும் மாற்றச் சொல்லி எவரும் கேட்பதில்லை. எந்த இயந்திரத்துக்கு முன்னால் இலை குவிகிறது என்று பார்ப்போம். அந்த ஒன்றைச் சரிக்கட்டினால் மற்ற ஐந்தும் தாங்களாக ஓடும்.

கணனியும் அப்படித்தான். அக்கா வீட்டுப் பெட்டியில் வேலைகளைக் காட்டும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மூளையான புறோசசர் பத்து வீதம்கூட வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது. வன்தட்டு மட்டும் நூறு வீதத்தில் நின்று திணறுகிறது. நினைவகம் 4 ஜி.பி.யும் நிரம்பி, மிச்சத்தை வன்தட்டிலேயே எழுதி எழுதி எடுக்கிறது. அதனால் வன்தட்டுக்கு இரட்டைப் பாரம். சுழலுகிற தட்டில் ஊசி ஓர் இடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் போய்ச் சேர ஏறத்தாழ நூறில் ஒரு வினாடி பிடிக்கும். கேட்கச் சின்ன நேரம். ஆனால் வின்டோஸ் எழும்பும்போது அப்படி ஆயிரக்கணக்கான தடவை ஓட வேண்டும். எஸ்.எஸ்.டி. என்கிற புதுவகைத் தட்டில் ஊசியும் இல்லை, சுழற்சியும் இல்லை. அதே வேலைக்கு நூறு மடங்கு குறைந்த நேரம். ஆகவே வாங்கவேண்டியவை இரண்டே சாமான்: ஓர் எஸ்.எஸ்.டி., கொஞ்சம் நினைவகம். புறோசசரைத் தொடத் தேவையில்லை. அது 2013இல் வந்த இனம் என்றாலும், கட்டுரை எழுதவும் விரிவுரை பார்க்கவும் தாராளம்.

இன்னொரு பயமும் இருந்தது. அந்த வன்தட்டு இடைக்கிடை டிக், டிக் என்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது. அதற்குள் அத்தானின் அகதி விண்ணப்பக் கடிதங்கள், எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், ஊரிலிருந்து ஸ்கான் பண்ணி வந்த படங்கள் எல்லாம் கிடந்தன. 2009இல் போன எங்கள் சின்னண்ணாவின் படம் இரண்டுதான் இந்த உலகத்தில் இருக்கிறது. இரண்டும் அதற்குள். மொங்கலேக்குப் போகிறதற்கு முதல்நாள் இரவு, வேறொன்றும் செய்யாமல், அவற்றையெல்லாம் இரண்டு பென் ட்ரைவில் படியெடுத்தோம். ஒன்று அக்காவிடம், மற்றது என்னிடம். வாசிக்கிறவர்கள் இதற்குப் பிறகு எழுதுகிற எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்.

வீதியில் மூன்று கடை ஏறினோம். முதலாவதில் விளையாட்டுக்காரப் பெடியங்கள் வாங்குகிற, வானவில் போல மின்னுகிற பெட்டிகள். பிள்ளை அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 45 யூரோ. மூன்றாவதில் 38. மூன்றாவது கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். பாவித்த நினைவகம் இருக்கிறதா என்று பிள்ளை பிரெஞ்சில் கேட்க, மேசைக்குக் கீழிருந்து ஒரு பிஸ்கற் பெட்டியை எடுத்து வைத்தார். நிறைய நினைவகத் துண்டுகள்.

இதில் கவனம் வேண்டும். எங்கள் பெட்டிக்கு வேண்டியது டி.டி.ஆர். 3. அதற்கு 240 ஊசிகள். அடுத்து வந்த டி.டி.ஆர். 4க்கு 288. அடியிலுள்ள வெட்டும் வேறிடத்தில் இருக்கும். பலவந்தமாக அழுத்தினாலும் போகாது, முறியும். மடிக்கணனிக்குரியது நீளத்தில் பாதி, அதுவும் சரிவராது. ஆகவே போகும்போது பழைய துண்டையே கழற்றி ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு போயிருந்தோம். அதைக் கண்டதும் கடைக்காரர் சிரித்தார். இப்படிக் கொண்டுவருகிறவர்கள் குறைவு என்றார். 8 ஜி.பி. துண்டு இரண்டை எடுத்து 24 யூரோ சொன்னார். பிள்ளை "மாணவிக்குக் குறைக்கமாட்டீர்களா" என்று கேட்டாள். 20 ஆனது.

காசு கட்டும்போது எந்த நாடு என்று கேட்டார். சொன்னோம். தன் பெற்றோர் கம்போடியாவிலிருந்து ஓடிவந்தவர்கள், தான் வரும்போது கைக்குழந்தை என்றார். 1975க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த அகதிகள் கனபேர் பக்கத்துப் பதின்மூன்றாம் வட்டாரத்தில்தான் குடியேறினார்கள். எங்களுக்கு முதல் வந்த அகதிகள். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. ஒரு பொத்தான் மின்கலத்தை எடுத்துப் பையில் போட்டு, அதற்குக் காசு வேண்டாம் என்றார். சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். தாய்ப்பலகையில் அது செத்துவிட்டால் மின்சாரத்தைக் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் கணனி திகதியை மறந்துவிடும். திகதி பிழைத்தால் வங்கிப் பக்கம் முதலான எந்தப் பாதுகாப்பான பக்கமும் திறக்காது. கனபேர் இதை வைரஸ் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள்.

சாப்பிட நாங்கள் கடை தேடவில்லை. அங்கிருந்து சில நிமிட நடையில் ருயிப் பூங்கா இருக்கிறது. பழைய ரயில் பாதையைப் பூந்தோட்டமாக்கி 1993இல் திறந்த கூலே வேர்ட் என்ற நடைபாதை அதற்கு மேலால் போகிறது. பூங்காவில் காஸ் தண்ணீர் இலவசமாக வருகிற குழாய் ஒன்று உண்டு. 2010இல் வைத்தது. பரிசில் அதுதான் முதலாவது. அக்கா கட்டித்தந்த இடியப்பத்தையும் சம்பலையும் பூங்காவிலிருந்து சாப்பிட்டு, அந்தத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக் குடித்தோம். இந்த மாநகரத்தில் இப்படி ஒன்றும் செலவழிக்காமல் இருக்கக்கூடிய இடங்களை ஒருவர் பட்டியல் போட்டு எழுதவேண்டும்.

வீட்டில் வேலை இரண்டு மணித்தியாலம். தொழிற்சாலையில் இயந்திரத்தைத் திறக்கமுன் மின்சாரத்தைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைக்கவேண்டும் என்பது சட்டம். இங்கேயும் அதே ஒழுங்கு. மின்கம்பியைக் கழற்றி, பிறகு ஆளியை ஒருதரம் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரத்தைப் போக்கினோம். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் எதையும் தொட்டோம். உள்ளே ஆறு வருடத் தூசி. பிள்ளை பழைய வர்ணத் தூரிகையால் தட்டி எடுத்தாள். நினைவகத்தை இரு பக்கமும் கிளிக் என்று கேட்கும்வரை அழுத்தினோம். எஸ்.எஸ்.டி. சின்னது, பழைய தட்டின் இடத்தில் ஆடும். தாங்கு சட்டம் வாங்கவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடா போதும், அதில் அசைகிற பாகம் ஒன்றும் இல்லை. பாவித்த நினைவகம் என்றபடியால் அன்றிரவு முழுக்க மெம்ரெஸ்ற் என்ற இலவசச் சோதனையை ஓடவிட்டோம். காலையில் ஒரு பிழையும் இல்லை.

வின்டோஸ் 11 இந்தப் புறோசசரை ஏற்காது. எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறது. குறுக்கு வழி உண்டு, நான் சொல்லமாட்டேன். வின்டோஸ் 10க்கு ஐரோப்பிய நாடுகளில் 2026 ஒக்ரோபர் வரை ஒரு வருட இலவச நீடிப்பு அறிவித்தார்கள். அதைவிடப் பிள்ளை லினக்ஸ் மின்ட் போடவே விரும்பினாள், அதுவும் இலவசம். பாடத்துக்கு வின்டோஸில் மட்டும் ஓடுகிற மென்பொருள் கேட்கிறார்களா என்று முதலில் பல்கலைக்கழகத்தில் விசாரித்துத்தான் போட்டாள். அத்தானுக்கு ஒரு குறை: அவருடைய ஊர்ச்சங்கக் கணக்கறிக்கைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. புது இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தன. எழுத்துருவை எடுத்துப் போட்டதும் தமிழ் வந்தது.

எழும்ப இப்போது இருபத்தைந்து வினாடி. மொத்தம் 58 யூரோ. மிச்சம் 22 யூரோவில் பிள்ளை ஒலிவாங்கியோடு கூடிய காதணி வாங்கினாள். சீட்டு கழிபடவில்லை. அந்த வருட முடிவில் நினைவகத்தின் விலை உலகமெங்கும் ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான நிலையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன என்றார்கள்.

இந்தக் கதை பரவி, மேல்மாடியில் இருக்கிற அண்ணர் தங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தேன். டி.டி.ஆர். 2 நினைவகம், 2008ஆம் ஆண்டுப் பலகை. "உங்கடைக்கு ஒரு சதமும் செலவழிக்காதேங்கோ அண்ணை, அந்தக் காசுக்கு அலுவலகங்கள் கழித்துவிட்ட பெட்டி ஒன்று எடுக்கலாம்" என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. மூடியைப் பூட்டி, நானே மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.