கெத்சமனியில் நின்றுபோன பாட்டு

ராக் இசை என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் பெற்றோர் நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் பலர் உண்டு. அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. செவியைத் துளைக்கும் ஓசையும் போதைப்பொருள் பற்றிய செய்திகளும் அவ்விசையோடு சேர்ந்தே வந்தன அல்லவா? ஆயினும் 50 ஆண்டுகளுக்கு மேலாக அதனைக் கேட்டுவருபவன் என்ற முறையில், நம் விசுவாசத்தைத் தொட்ட சில இசைத்தட்டுகளைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்ல விழைகிறேன்.

பிடிக்காததை முதலில் கூறிவிடுகிறேன். 1968-இல் 'எலெக்ட்ரிக் புரூன்ஸ்' என்னும் அமெரிக்கக் குழுவின் பெயரில், பழைய திருப்பலிப் பாடல்கள் மின் கித்தார் இசையோடு வெளிவந்தன. இசையமைத்தவர் டேவிட் ஆக்சல்ராட். அதில் 'கீரியே' ஒன்றே எனக்கு ஏற்புடையது. 'ஈசி ரைடர்' (1969) திரைப்படத்திலும் அது ஒலிக்கும். மற்றவற்றில் சொற்கள் பீடத்தருகே நிற்க, இசை வேறெங்கோ அலைகிறது.

'பேர்ட்ஸ்' குழுவினர் 1965-இல் பாடியது அப்படியன்று. சபை உரையாளர் நூலின் மூன்றாம் அதிகாரத்துக்கு பீட் சீகர் அமைத்த மெட்டு அது. போரும் சமாதானமும் பற்றிய அவ்வாசகம், வியட்நாம் போர் மூண்டிருந்த நாளில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. பன்னிரு தந்திக் கித்தாரின் அந்த நாதம் கோயில் மணிபோல இன்றும் என் காதில் நிற்கிறது.

இனி 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்'. ஆண்ட்ரூ லாயிட் வெபரும் டிம் ரைஸும் இயற்றி, 1970-இல் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. கப்பலில் பணியாற்றிய என் தாய்மாமன் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். என் தந்தையார் பங்கின் உபதேசியார். "யூதாசுக்கு இத்தனை பாட்டா?" என்று கடிந்துவிட்டுத் திண்ணைக்குப் போனார். ஆனால் கெத்சமனிப் பாடல் வந்தபோது, செபமாலையைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்து அமர்ந்தார். 'டீப் பர்ப்பிள்' குழுவின் இயன் கில்லன் பாடியது அது. அவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. அது என்ன இடம் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்காம் பக்கம் முடிந்தது. கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் யோவான் நற்செய்தியின் வசன எண்ணே இறுதிப் பகுதிக்குப் பெயர். அதில் பாட்டில்லை, கருவியிசை மட்டுமே. தந்தையார் சற்று நேரம் காத்திருந்தார்.

"வேறு பக்கம் இல்லையா? மூன்றாம் நாள் எங்கே?"

நான் இசைத்தட்டை உறையில் இட்டேன். பதில் சொல்லவில்லை.

நார்மன் ஜூவிசன் இஸ்ரயேல் நாட்டில் படமாக்கிய திரைப்படம் 1973-இல் வந்தது. யூதாசாக வரும் கார்ல் ஆண்டர்சனின் குரல் மற்றெல்லாரையும் விஞ்சிவிடுகிறது. இறுதியில் நடிகர்கள் தாங்கள் வந்த பேருந்திலேயே திரும்புகின்றனர். இயேசுவாக நடித்தவர் மட்டும் ஏறுவதில்லை. வெறும் சிலுவை நிற்க, மந்தையோடு ஓர் ஆயன் கடந்து போகிறான். அந்த ஆயனே உயிர்ப்பின் அடையாளம் என்பார் உண்டு. எனக்கு அது போதவில்லை. தந்தையாருக்கும் போதியிராது.

'பீட்டில்ஸ்' குழுவின் 'லெட் இட் பி' (1970) பற்றியும் ஒரு சொல். அதில் வரும் மரியா நம் தேவதாய் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அவர் பால் மெக்கார்ட்னியின் தாயார். 1956-இல், மகனுக்குப் பதினான்கு வயதாகையில் இறந்துபோனவர். பின்னாளில் கனவில் வந்து மகனைத் தேற்றினாராம். முதலில் ஏமாற்றமாயிருந்தது. இறந்த தாய் வந்து தேற்றுவது சிறிய காரியமா என்று பிறகு தோன்றிற்று.

தந்தையார் 1981-இல் இறைவனடி சேர்ந்தார். டப்ளின் நகரின் 'யூ டூ' குழு, 1983-இல் வெளியிட்ட 'வார்' இசைத்தட்டின் கடைசிப் பாடலாக 40-ஆம் திருப்பாடலைப் பாடியது. பழைய விவிலியத்தில் அது 39-ஆம் சங்கீதம். குழியினின்றும் சேற்றினின்றும் தூக்கியெடுக்கப்பட்டவனின் பாட்டு. அவ்வாண்டு ஜூன் மாதம் கொலராடோ மாநிலத்தின் செம்பாறைத் திறந்தவெளி அரங்கில், மழையிலும் மூடுபனியிலும் அவர்கள் அதைப் பாடிய காட்சி படமாக்கப்பட்டுள்ளது. பாடகர் முதலில் மேடையை விட்டு நீங்குகிறார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செல்ல, டிரம்ஸ் வாசிப்பவர் கடைசியாக எழுகிறார். மேடை வெறுமையாகிவிடுகிறது. நனைந்த மக்கள் கூட்டமோ அப்பல்லவியை விடாமல் பாடிக்கொண்டே இருக்கிறது.

அந்த இடம் வரும்போதெல்லாம் திண்ணைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.