மணிக்கணக்கில் தாய்மொழி

ஹைக்கூ பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பது கொஞ்சமில்லை. ஜென், மௌனம், படிமம் என்று எல்லாம் பேசியாகிவிட்டது. ஆனால் அதை ஜப்பானுக்கு வெளியே கொண்டுவந்து சேர்த்தவர்கள் மாத வாடகையை எப்படிக் கொடுத்தார்கள் என்று நம்மில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வங்கிக் குமாஸ்தாவாக இருப்பதில் ஒரு சௌகரியம், இந்த மாதிரி அற்பமான கேள்விகள் கூச்சமில்லாமல் தோன்றும். பதில் பெரும்பாலும் ஒன்றுதான். இங்கிலீஷ் வாத்தியார் வேலை.

1916ல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது அவர் படித்திருந்தது யோனே நோகுச்சியை. நோகுச்சி அமெரிக்காவில் இளமையைக் கழித்துவிட்டு ஊர் திரும்பி, கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் போதித்தவர். எஸ்ரா பவுண்டுக்குச் சீனக் கவிதைகள் கிடைத்தது ஃபெனலோஸாவின் நோட்டுப் புத்தகங்களிலிருந்து. ஃபெனலோஸா 1878ல் மாஸசூஸெட்ஸிலிருந்து தோக்கியோவுக்குத் தத்துவம் கற்பிக்கப் போனவர். இரண்டாம் முறை அங்கே போனபோது கற்பித்தது ஆங்கிலம். ப்ளைத் என்ற ஆங்கிலேயரின் நான்கு ஹைக்கூத் தொகுதிகள் ஒரு வாத்தியார் வகுப்பு முடிந்த பிறகு செய்த காரியம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கியோட்டோவில் ஜென் பயின்றுகொண்டிருந்த கேரி ஸ்னைடரும் இடையிடையே பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். இவர்களுடைய மௌனத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த மௌனத்துக்குப் படியளந்தது பேச்சு. அதுவும் மணிக்கணக்கில் விலை பேசப்பட்ட பேச்சு.

இந்த விஷயம் எனக்குப் புத்தகத்தோடு நின்றுபோயிருக்கும். எட்டு வருஷமாக ஒரு அமெரிக்கரோடு கடிதப் பழக்கம் உண்டு. ராமானுஜனின் மொழிபெயர்ப்பில் குறுந்தொகையைப் படித்துவிட்டு, மூலத்தில் அந்த வரிகள் காதில் எப்படி விழும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர். நண்பர் ஒருவர் என் முகவரியைக் கொடுத்திருக்கிறார். ஐந்தாறு கடிதங்களுக்குப் பிறகுதான், தான் ஜப்பானில் ஷிமானே பகுதியில் ஒரு சின்ன ஊரில் மூன்று வருஷம் ஆங்கிலம் கற்பித்ததாக எழுதினார். அதன் பிறகு குறுந்தொகை பின்னுக்குப் போய்விட்டது. நான் கேள்விகளாக அனுப்பினேன், அவர் பதிலாக அனுப்பினார்.

அவர் போனது ஜப்பான் அரசாங்கம் 1987ல் ஆரம்பித்த திட்டம் ஒன்றின் கீழ். முதல் வருஷம் நான்கு நாடுகளிலிருந்து 848 பேரைக் கூட்டிப்போனார்கள். இன்றும் நடக்கிறது. இதற்கு வேண்டியது ஏதாவது ஒரு பட்டம். எந்தப் பாடமானாலும் சரி. ஆசிரியப் பயிற்சி கட்டாயமில்லை. வருஷ ஒப்பந்தம், அதிகபட்சம் ஐந்து வருஷம். பெயரளவில் உதவி ஆசிரியர். வகுப்பு நடத்துவது ஜப்பானிய ஆசிரியர்தான். அவர் கையைக் காட்டும்போது இவர் வாக்கியத்தை உரக்கப் படிக்க வேண்டும், நாற்பது பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மறுபடி படிக்க வேண்டும். மனித டேப் ரிக்கார்டர் என்று இந்த வேலையில் இருப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வழக்கமாம். நண்பர் மண்ணியல் படித்தவர். மூன்று வருஷத்தில் பாறைகளைப் பற்றி ஒரு வாக்கியம்கூடப் பேசும் சந்தர்ப்பம் வரவில்லை என்று எழுதியிருந்தார்.

அவருடைய ஒரு நாள் இப்படி. காலையில் பள்ளி வாசலில் பூட்ஸைக் கழற்றி மர அடுக்கில் வைத்துவிட்டு, பாதி பாதத்துக்கு மட்டும் போதுமான செருப்பை மாட்டிக்கொள்வது. ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே பெரிய அறையில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு உட்காருவார்கள். அங்கே போய் வருகைப் பதிவேட்டில் முத்திரை குத்துவது. மத்தியானம் ஒரு வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் பரிமாறும் அதே சாப்பாடு, அதே பால். பிறகு பிள்ளைகளும் ஆசிரியர்களும் துடைப்பமும் ஈரத் துணியுமாகப் பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்வது. கோடை விடுமுறையில் வகுப்பு இல்லாவிட்டாலும் மேஜைக்கு வந்து உட்கார்ந்திருப்பது. மாலையில் ஊர் ஒலிபெருக்கியில் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு வரும், வீட்டுக்குப் போகலாம். வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றுதான் குளிருக்கு. கடையில் குச்சிகளால் சாப்பிட்டால், பிரமாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று யாராவது பாராட்டுவார்கள். மூன்றாம் வருஷமும் அதே பாராட்டு. பாராட்டில் பழுதில்லை, நேற்றும் இங்கேதான் சாப்பிட்டேன் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான் என்று எழுதினார். விருந்தாளியாகவே வைத்திருப்பது ஒரு தூரம். அதை வெறுப்பு என்று சொல்ல முடியாததால் அதோடு சண்டையும் போட முடியாது.

முத்திரை விஷயம் எனக்குத் தொழில் சம்பந்தமானது. அங்கே வங்கிக் கணக்குக்குக் கையெழுத்தை விட முத்திரையே பிரதானம். அவரும் தன் பெயரை ஜப்பானிய எழுத்தில் ஒரு சின்னக் கட்டையில் செதுக்கிக்கொண்டாராம். மூன்று அசைப் பெயர் ஐந்தாகிவிட்டது, அந்த ஐந்தையே மூன்று வருஷம் ஊர் முழுக்கக் கூப்பிட்டது. யுத்தத்துக்குப் பின் 1946லிருந்து 1950 வரை அகிஹிட்டோ இளவரசருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த எலிசபெத் வைனிங் என்ற அமெரிக்க அம்மாள், வகுப்பில் அவருக்கு ஜிம்மி என்று பெயர் வைத்தார். ஜெயித்த தேசத்து வாத்தியார் இளவரசருக்கே பெயர் வைக்கலாம். நாற்பது வருஷம் கழித்து வந்த வாத்தியார்களுக்கு ஊர் பெயர் வைத்தது.

நாள் முழுவதும் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. கையெழுத்து என்பது மனிதன் மொழியில் விட்டுச்செல்லும் ஒரு பிரத்யேகமான கோணல். முத்திரையில் அது கிடையாது. அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது, ரேகை. ஜப்பானில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கும் அந்நியர்கள் பதிவு அட்டைக்காக ரேகை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. எண்பதுகளில் பலர் மறுத்தார்கள். முக்கியமாக அங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு 1993ல் நின்றது, மற்றவர்களுக்கு 2000ல். 2007 நவம்பரிலிருந்து விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது மறுபடி எடுக்கிறார்கள். ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவன் எழுதத் தெரிந்தவன்தான், இருந்தும் முதலில் கேட்கப்படுவது விரல்.

நான் வேலை பார்ப்பது பெரம்பலூர்ப் பக்கத்துக் கிளை ஒன்றில். முதியோர் உதவித்தொகைக்கு வருகிறவர்கள் கருவியில் விரல் வைக்க வேண்டும். பலருக்கு விழாது.

"ஆயா, கையத் தொடச்சிட்டு இன்னொரு தரம் வைங்க."

"சின்ன வெங்காயம் ஆயுற கை தம்பி, இதுல ஏது ரேகை? என்னத் தெரியாதா ஒனக்கு? தெரிஞ்சவன் குடுக்க வேண்டியதுதான?"

தெரியும். தெரிந்திருப்பது போதாது என்பதுதான் என் உத்யோகம். இந்த இடத்தில் அந்த அமெரிக்கர் எனக்குத் தூரத்து ஆள் இல்லை. மூன்று வருஷமாகத் தினம் பார்க்கும் கடைக்காரர் குச்சியைப் பாராட்டுவதும், ஏழு வருஷமாகத் தெரிந்த கிழவியிடம் நான் விரல் கேட்பதும் வேறு வேறு காரணங்களால்தான். ஆனால் இரண்டிலும் பழக்கம் என்பது கணக்கில் ஏறாமல் போகிறது.

சரி, மொழிக்கு என்ன ஆகிறது? மணிக்கணக்கில் விற்கப்படும் தாய்மொழி முதலில் வேகத்தை இழக்கிறது. பிறகு மரபுத்தொடர்களை, கேலியை, வட்டார வழக்கை. எதிரே இருப்பவர்களுக்குப் புரியாதவை ஒவ்வொன்றாக உதிர்ந்து ஒரு ஐந்நூறு சொல் மிஞ்சுகிறது. ஊருக்குப் போன் செய்தபோது, ஏன் இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாய், உடம்புக்கு ஏதாவதா என்று தாயார் கேட்டதாக நண்பர் எழுதியிருந்தார்.

இது புதிதல்ல. நண்பர் இருந்த அதே ஷிமானேயில், மட்ஸுயெ என்ற ஊரில், 1890ல் மாதம் 100 யென் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தவர் லாஃப்காடியோ ஹெர்ன். பிறப்பால் அமெரிக்கர் இல்லை. கிரேக்கத் தாய், ஐரிஷ் தகப்பன். ஆனால் எழுத்தாளனாக உருவானது அமெரிக்கப் பத்திரிகைகளில். பிற்பாடு தோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவர் ஆங்கில இலக்கியம் நடத்தியபோது, மாணவர்கள் ஒரு சொல் விடாமல் எழுதியெடுக்கும் வேகத்தில், எளிய வாக்கியங்களில் பேசினார். அவர் இறந்த பிறகு மாணவர்களின் குறிப்புகளிலிருந்துதான் அந்த விரிவுரைகள் அமெரிக்காவில் புத்தகங்களாயின. வீட்டிலோ நிலைமை தலைகீழ். மனைவி ஸெட்ஸுவுக்கு ஆங்கிலம் வராது, இவருக்கு ஜப்பானிய இலக்கணம் வராது. இருவருக்கும் நடுவே ஒரு உடைந்த ஜப்பானியம் உண்டாயிற்று. ஹெர்ன் பாஷை என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அவள் அந்தப் பாஷையில் பழங்கதைகளைச் சொல்ல, இவர் ஆங்கிலத்தில் எழுதினார். 1904ல் வந்த 'க்வைதான்' அப்படி உருவான புத்தகம். இலக்கணம் இல்லாத பேச்சில் பேய்க்கதை நடுக்கம் குறையாமல் கைமாறியிருக்கிறது. மொழி வளத்தையும் அனுபவ வளத்தையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிய நமக்கு இது சங்கடமான சாட்சியம்.

இன்னொரு சாட்சி ஸிட் கார்மன். 1951ல் பாஸ்டனில் 'ஒரிஜின்' என்ற சிறுபத்திரிகையை ஆரம்பித்தவர். ஓல்ஸன், க்ரீலி போன்றவர்களுக்கு அது எவ்வளவு முக்கியமான இடம் என்பது இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. 1958ல் கியோட்டோ போனார், ஆங்கிலம் கற்பித்தார், இடையில் சில காலம் அமெரிக்கா திரும்பியது போக 2004ல் சாகும்வரை அங்கேதான். ஒரு கட்டத்தில் மனைவியோடு ஐஸ்க்ரீம் கடையும் நடத்தினார். பத்திரிகையையும் அங்கிருந்தே கொண்டுவந்தார். சிறுபத்திரிகை நடத்தியவன் கடைசியில் எதையாவது விற்றுத்தான் ஆக வேண்டும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கார்மனின் கவிதைகள் மிகச் சிறியவை, சாதாரணச் சொற்களால் ஆனவை. விமர்சகர்கள் இதற்கு ஹைக்கூவையும் பாஷோவையும் காரணம் சொல்வார்கள். அவர் பாஷோவின் பயண நூலைச் சேர்ந்து மொழிபெயர்த்தவர்தான். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. வகுப்பில் மிஞ்சும் அந்த ஐந்நூறு சொல்லைத் தண்டனையாக நினைக்காமல், இனி இதுதான் என் மொழி என்று அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். தெருவில் காதில் விழுவதெல்லாம் வேற்று மொழி. தன் மொழி வாயிலும் காகிதத்திலும் மட்டும். அந்த நிலையில் 'இங்கே', 'இது', 'நீ' என்ற சொற்கள் முதல் முறை சொல்லப்படுவது போல ஒலிக்கும். பாதிப்பு என்று நாம் சொல்வது பல சமயம் வாழ்நிலைதான். இலக்கிய வரலாறு எழுதுகிறவர்களுக்கு வாடகைச் சீட்டு கிடைப்பதில்லை, அதனால் பாஷோவைச் சொல்லிவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் இது கவிதையில் முடிவதில்லை. 2007 அக்டோபரில் ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பேச்சுப் பள்ளி நிறுவனமான நோவா திவாலானபோது ஆயிரக்கணக்கான அந்நிய ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் நின்றார்கள். அன்றைக்கு அவர்களிடம் விற்பதற்கு இருந்தது நாக்கு ஒன்றுதான்.

நண்பர் ஊர் திரும்பிய முதல் வாரம், கடை வரிசையில் நின்றபோது சுற்றியிருந்த எல்லோருடைய பேச்சும் ஒரே சமயத்தில் புரிய ஆரம்பித்ததாம். மருமகன் வேலை, முழங்கால் வலி, கார் கடன். சாமானை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன் என்று எழுதினார். அவருக்கு அது அதிர்ச்சி. எனக்குப் பொறாமை. மூன்று வருஷம் இழந்திருந்தால்தான் தாய்மொழி அப்படிக் காதில் விழும் போலிருக்கிறது.

நான் இழந்ததில்லை, பிறந்த ஜில்லாவைத் தாண்டி வேலைக்குப் போனதில்லை. ஆனால் கவுண்டரில் எட்டு மணி நேரம் நான் பேசும் தமிழை எண்ணிப் பார்த்தால் அதுவும் ஒரு நாற்பது வாக்கியம்தான். இங்கே கையெழுத்து, நாளைக்கு வாங்க, ஸர்வர் வேலை செய்யலை, அடுத்தவங்க வாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதும் தமிழ் வேறு: பிரக்ஞை, தளம், பரிமாணம், அகவயம். பி.ஏ. வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டதை ஒவ்வொன்றாக மாற்றி நாம் எல்லோருமாகச் சேர்ந்து செய்துகொண்ட பாஷை. அந்தக் கிழவியிடம் ஒரு வாக்கியம் சொல்ல இது உதவாது. அவள் ஒரே மூச்சில் சொன்னதை வாங்கிவைத்துக்கொள்ளவும் இதற்கு இடமில்லை. நாற்பது வாக்கியத்துக்கும் இந்தப் பாஷைக்கும் நடுவில் கிடக்கிறது தமிழ். கார்மனுக்காவது தன் மொழி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

கலைச்சொற்களை விட்டுவிடுவோம் என்று நான் சொல்லவில்லை. சில விஷயங்களை வேறு வழியில் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நம் விமர்சனக் கட்டுரை ஒன்றை, யாருடையதானாலும் சரி, ஹெர்ன் பேசிய வேகத்தில் ஒருவர் படிக்கட்டும். எதிரே பத்தாவது படிக்கும் பிள்ளை ஒன்று எழுதியெடுக்கட்டும். அதன் நோட்டில் கடைசியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் நாம் சொன்னது. என் கட்டுரையிலிருந்தே ஆரம்பிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.